மகளிர் பக்கத்தில் மஞ்சள் கறை

மார்ச் 4
இன்று முதல் நான் மகளிர் பக்கப் பொறுப்பாசிரியை. வாழ்த்துச் சொன்ன யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு வருடம் சூழல் செய்தி எழுதியவளுக்கு இனி முகப்பரு, முடி உதிர்தல், வீட்டுக் குறிப்பு.

முலாம் பூசும் ஆலை கழிவைக் கால்வாயில் விடுகிறது, கால்வாயோரத் தெருக்களில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகிறது என்று மூன்று வாரம் அலைந்து எழுதினேன். ஆலைக்காரர்கள் வந்து ஆசிரியர் அறையில் அரை மணி நேரம் பேசினார்கள். செய்தி குப்பைக்குப் போனது.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், கொஞ்ச நாள் அமைதியா இரு" என்றார் ஆசிரியர். அமைதியாம்! அந்தத் தண்ணியை ஒரு டம்ளர் குடிச்சுட்டு வந்து சொல்லட்டும்.

மார்ச் 5
அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "இனியாவது வெயில்ல அலையாம ஒரு இடத்துல உக்காருவே." எழுந்து குளிக்கப் போனேன். பதில் சொன்னால் சண்டை.

மார்ச் 9
பக்கங்களை வடிவமைப்பவருக்கு அலுவலகத்தில் கத்திரி என்று பெயர். எதை எழுதிக் கொடுத்தாலும் நாலு வரி வெட்டாமல் விடமாட்டார். அவரிடம் கேட்டேன்: என் பக்கத்தை அச்சுக்கு முன் யார் படிப்பது?

"மகளிர் பக்கத்தையா? பிழை திருத்துறவரே தலைப்போட நிறுத்திடுவார். ஆசிரியர் பதினோரு வருஷமா எட்டிக்கூடப் பார்த்ததில்ல."

கோபம் வரவேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வந்தது.

மார்ச் 12
வெள்ளைத் துணியில் கறை போக்குவது எப்படி என்று அரைப் பக்கம் எழுதினேன். கடைசியில் மூன்று வரி: 'உங்கள் வீட்டு வெள்ளை வாளியின் அடியில் மஞ்சள் படிகிறதா? படிந்தாலும், படியாவிட்டாலும், படம் எடுத்துத் தெருப் பெயருடன் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்.'

படியாவிட்டாலும் என்பதுதான் முக்கியம். சுத்தம் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் கறை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும். கத்திரி அந்த மூன்று வரியில் கை வைக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

மார்ச் 16
நாற்பது வாளிகள்!

மார்ச் 23
நூற்றுப் பன்னிரண்டு. படுக்கையறைச் சுவரில் ஊர் வரைபடம் ஒட்டி, கறைக்கு மஞ்சள் புள்ளி, சுத்தத்துக்கு நீலப் புள்ளி வைத்தேன். ஆலைக்கு மேற்கே எல்லாம் நீலம். ஆலை வாசலைத் தாண்டியதும் மஞ்சள் — கால்வாயைப் பிடித்துக்கொண்டு கடைசித் தெருவரை.

பெருக்க வந்த அம்மா நின்று பார்த்தாள். "இது உன் சித்தி வீட்டுத் தெருதானே?" துடைப்பத்தைப் போட்டுவிட்டு போனை எடுத்தாள். "அடியே, அந்தத் தண்ணியத் தொடாதே!"

மார்ச் 26
மாட்டிக்கொண்டேன். அந்த மூன்று வரி ஆலையின் வக்கீல் கண்ணில் பட்டுவிட்டது. வந்த படங்களெல்லாம் ஜோடனை என்கிறாராம்.

"என் முதுகுக்குப் பின்னாடி என்ன பண்றே?" ஆசிரியர் கத்தினார்.

"உங்க பத்திரிகையிலதான் சார் வந்துச்சு."

படம் அனுப்பியவர்களின் பெயர், விலாசம் எல்லாம் வக்கீலுக்குப் போக வேண்டுமாம். தரமாட்டேன் என்றேன். பெயர் வந்தால் அவர்கள் சம்மதத்தோடு பத்திரிகையில் வரும்; வக்கீல் மேஜைக்குத் தனியாகப் போகாது.

"எவ சம்மதிப்பா? நாலு நாள் தர்றேன். இல்லன்னா ராஜினாமா எழுதிக் கொடு."

சரி, ஒவ்வொருத்தியையும் நேரில் போய்க் கேட்கிறேன்.

மார்ச் 28
வீடு வீடாக ஏறி இறங்கினேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். தப்புச் சொல்லமாட்டேன், புருஷனுக்கு ஆலையில் வேலை. துணி பிழிந்துகொண்டிருந்த ஒருத்தி நிமிரவே இல்லை: "பேரு மட்டும் எதுக்கு? போட்டோவும் போடு. என் பிள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி. நான் எதுக்கு ஒளியணும்?"

சம்மதித்தவர்கள் இருபத்தேழு பேர். இருபத்தேழு!

மார்ச் 30
பட்டியலை ஆசிரியர் மேலோட்டமாகப் பார்த்தார். "எல்லாம் கால்வாயோர ஜனங்க. ஆலைமேல இருக்கற கோபத்துல சொல்றாங்கன்னுவான் வக்கீல். ஆலைப் பக்கத்து ஆள் ஒருத்தர் உண்டா?"

இல்லை. கதவை அறைந்துவிட்டு வந்தேன். ராஜினாமா எழுதமாட்டேன், வேண்டுமானால் அவரே வெளியே அனுப்பட்டும். அனுப்பினால் தெருத்தெருவாக நானே நோட்டீஸ் ஒட்டுவேன். போங்கடா.

ஏப்ரல் 2
காலையில் ஒரு படம். வெள்ளை வாளி, அடியில் மஞ்சள். ஆலைக் குடியிருப்பு, முதல் வீடு. கூடவே நாலு வரி: 'என் கணவர் இந்த ஆலையின் மேலாளர். குடியிருப்பில் குடிப்பதற்கு மட்டும் வெளியிலிருந்து லாரியில் தண்ணீர் வருகிறது. ஏன் என்று பத்து நாளாகக் கேட்கிறேன், வீட்டில் பதில் இல்லை. என் பெயரை முழுதாகப் போடுங்கள்.'

நேரில் போனேன். வாளியைப் பார்த்தேன், லாரியையும் பார்த்தேன். "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டேன். "யோசிச்சுத்தான் அனுப்பினேன்" என்றாள்.

மதியம் ஆசிரியரிடம் போனை நீட்டினேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இருபத்தெட்டுப் பெயருக்கு முதல் பக்கத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டார்.