யாரும் முபாரக் சொல்லாத பெருநாள்

ஸ்ரீபெரும்புதூர், 1991
நோன்புப் பெருநாள், மாலை

என் பிரியமான மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் வராது என்று தெரிந்தேதான் ஸலாம் சொல்கிறேன். நீங்கள் இல்லாத முதல் பெருநாள் இது.

காலையிலேயே தெருப் பெண்கள் சேமியா கொண்டுவந்தார்கள். கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள் நம் வாசலில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். புருஷனைப் பறிகொடுத்து, நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு துக்கம் காக்கும் இத்தாவில் இருக்கிறவளிடம் ஈத் முபாரக் சொல்லலாமா என்று தயக்கம். "இன்னா பண்றது, அல்லாவோட நாட்டம்" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருநாளே வரக்கூடாதா மச்சான்?

போன வருஷம் தொழுதுவிட்டு வந்து, சொந்த வீட்டுக் கதவையே விருந்தாளி மாதிரி தட்டினீர்கள். 'தகப்பலல்லாஹு மின்னா வ மின்கும்' என்றீர்கள். எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும் என்று அர்த்தம். நான் அடுப்படியிலிருந்தே "சரி சரி, உள்ள வாங்க" என்றேன். "அது பதிலு இல்ல புள்ள. நான் சொன்னதையே திருப்பிச் சொல்லு, அப்பத்தான் செருப்பக் கழட்டுவேன்" என்று வெயிலில் நின்றீர்களே!

நேற்று வாலாஜாபாத்திலிருந்து அண்ணன் வந்திருந்தான். "இத்தா முடிஞ்சதும் நம்ம வூட்டுக்கு வந்துடு. பெரியவரு உங்கூட பேசறதே இல்ல. யாருக்காக இங்க கீற?" என்றான். அது பொய்யில்லை. கம்பெனி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த உங்களை லாரி இடித்த நாளிலிருந்து, உங்கள் அத்தா, என் மாமா, என் முகம் பார்த்துப் பேசியதில்லை. என்மேல் கோபமா, என்னைப் பார்த்தால் உங்கள் ஞாபகமா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று தொழுகை முடிந்து மாமா தனியாக வந்தார். கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டார். எப்போதும் உங்கள் பின்னால் நுழைகிறவர். ஸலாம் சொல்வது உங்கள் வேலை. அவர் நின்ற நிலையைப் பார்க்க முடியாமல் நானே எழுந்து போனேன்.

"தகப்பலல்லாஹு மின்னா வ மின்கும், மாமா."

"பள்ளிவாசல்ல அத்தினி பேரும் கட்டிப்புடிச்சி ஈத் முபாரக்னு சொன்னாங்கம்மா. ஒருத்தருக்கும் எனக்குப் பதில் வரல. புள்ளய மண்ணுல வெச்சிட்டு எந்த வாயால கைர் முபாரக் சொல்றது?"

"எனக்குச் சொல்லுங்க மாமா. எனக்கு யாருமே சொல்லல."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஈத் முபாரக்மா" என்றார்.

"கைர் முபாரக், மாமா" என்றேன். எனக்கும் ஒரு பதில் சொல்லக் கிடைத்தது.

"நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். இத்தனை நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. சேமியாவை இரண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

இப்போது அசர் தொழப் போயிருக்கிறார். வீடு மறுபடியும் சத்தமில்லாமல் கிடக்கிறது. நீங்கள் எங்கோ வெளியே போயிருப்பதாகவே மனசு நம்புகிறது. இந்த மனசை எப்படிப் பழக்குவது மச்சான்?

வாலாஜாபாத்துக்கு வரவில்லை என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பப்போகிறேன். உங்கள் அத்தாவைத் தனியே விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மனைவி,
இன்றிலிருந்து உங்கள் அத்தாவுக்கு மகள்,
ஜைனப்