பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும் பக்கம்

நீ கண்ணை மூடின பிறகு முதல்முறையாக நம் கடை ஷெல்ஃபைத் துடைக்கும்போது உன் டிபன் டப்பா கையில் வந்தது. மூடியைத் திறந்தால் இன்னும் பெருங்காய வாசனை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமணக் குடும்பத்துப் பெண் நீ. கோட்டை மலைமேல் வெயில் மஞ்சளானதும், "ஏய், வர்றவங்கள நீ பாத்துக்கடி" என்று டப்பாவோடு உட்கார்ந்துவிடுவாய்.

நாம் நடத்திய வரன் பார்க்கும் சைட்டுக்கு ப்ராக்ஸி வைத்தவளும் நீதான். "வாசல்ல ஒரு ஆள நிக்க வெச்சா மாதிரிடி. யாரு வந்தாலும் மொதல்ல அதுங்கிட்டதான் வரணும்" என்றாய். படிப்பு, ஊர் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். பெண்களின் போட்டோ பக்கம் பாஸ்வேர்டு வாங்கின குடும்பத்துக்கு மட்டும். அதுவரை எனக்குப் புரிந்தது.

போன வாரம் தொண்டூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா கோபமாக வந்தார். "இன்னாம்மா இது, பொழுது போனா எம் பொண்ணு போட்டோ தெறக்கவே மாட்டேங்குது? மாப்ள சென்னையில வேல முடிஞ்சி வர்றதே இருட்டினப்புறம். நாளைக்குள்ள பாத்து சொல்லலன்னா வேற எடம் பாக்கறாங்களாம்." போனில் அனுப்பினால் ஊர் சுற்றிவிடும் என்று அவருக்குப் பயம்.

ரிப்பேர் என்று நினைத்து டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். "ரிப்பேர்லாம் இல்லக்கா. பொழுது போனா போட்டோ பக்கத்துக்கு யாரையும் விடாதன்னு ப்ராக்ஸியில ரூல் போட்டிருக்காங்க." இதுவரை எல்லாரும் பகலில் கடைக்கே வந்து பார்த்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

சோற்றுக்கு வைத்த நேரத்தைப் போட்டோவுக்கும் ஏண்டி வைத்தாய்? இருட்டில் கண்டவனும் கூடி உட்கார்ந்து பார்ப்பான் என்றா? இல்லை, வெறும் பழக்கதோஷமா? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே, பாவி! ரூலை எடுத்தால் உன் பேச்சை மீறினது மாதிரி. விட்டால் அந்தப் பெண்ணுக்கு வந்த வரன் போய்விடும்.

ஒன்றும் தோன்றாமல் அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன்.

"என் போட்டோ தானேக்கா? இதுவரைக்கும் யாருமே எங்கிட்ட கேக்கல. சரி, அவருக்கு மட்டும் தொறங்க. ஆனா அவரு போட்டோவ எனக்கு எப்போ தொறப்பீங்க?"

உன் ரூல் அப்படியேதான் இருக்கிறது. அவருக்கு மட்டும் வழிவிட டெக்னீஷியனிடம் சொன்னேன். மாப்பிள்ளைகள் போட்டோவுக்கும் ஒரு பக்கம் போட்டாயிற்று. அந்தப் பெண் அவர் போட்டோவைப் பார்த்துவிட்டு இன்னும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டில்தான் விடாமல் போன் பண்ணுகிறார்கள்.

நீ ஏன் பூட்டினாய் என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். ஆனால் வெயில் மஞ்சளான பிறகு யார் வந்து திறக்கச் சொன்னாலும், நான் முதலில் போட்டோவில் இருக்கிற பெண்ணுக்குத்தான் போன் போடுகிறேன்.