நீங்களே கண்டுபிடித்த பாட்டு

எங்கள் வீட்டு ரசிக சிகாமணிக்கு,

நேற்று நீங்கள் அனுப்பிய பாட்டைக் கேட்டேன். "நானே தேடிக் கண்டுபிடிச்சது. ஹெட்போன் போட்டுக் கேளு, அப்பதான் புரியும்" என்று கூடவே ஓர் உபதேசம் வேறு.

கல்யாணமான புதிதில், காய் நறுக்கும்போதெல்லாம் நான் போட்ட அதே வயலின் பாட்டு. "பல்வலிக்காரன் முனகுற மாதிரி இருக்கு, நிறுத்தித் தொலை" என்று கத்திவிட்டு, உங்கள் குத்துப்பாட்டை அலற விடுவீர்கள். பீரோ கண்ணாடி அதிரும். அதுதான் உங்கள் ரசனை.

வேலை மாற்றலாகிப் போன ஆறே மாதத்தில் உங்களுக்குப் புதிதாகக் காது முளைத்துவிட்டதாக்கும்! போன வாரம் புல்லாங்குழல், இந்த வாரம் வயலின்.

"யார் சொல்லிக் கேக்கறீங்க இதெல்லாம்?" என்று போனில் கேட்டேன். "யாராவது சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?" என்று எகிறினீர்கள். சரி, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்த வயலின் சட்டென்று நின்றுபோகுமே, அந்த இடம் எப்படி இருந்தது என்றேன். டவர் இல்லை என்று வைத்துவிட்டீர்கள்.

உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பாட்டைக் கேட்க வைத்தாளே, பெரிய பொறுமைசாலி. அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பாட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ரசனை உண்டு. ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் இரண்டு பேருமே கோட்டை விட்டுவிட்டோம்.

இப்படிக்கு,
பல்வலிப் பாட்டுக்காரி