குஞ்சுகளுக்காக ஒரு ஜெபக்கூட்டம்

நெய்யூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ரெஜிலாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் உன் தம்பி ஜினோவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தச் சுகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வாசித்துக்கொள். அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகனும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறாள், எனக்கு வரும் மெசேஜையும் எனக்கு முன்னால் அவளே வாசிக்கிறாள். இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம்.

தோஹாவில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் ஜினோ திரும்பி வந்ததிலிருந்து ஹாலில் மீன்தொட்டி வைத்திருக்கிறான், அது உனக்குத் தெரியும். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட கோமாளி மீன், ஒரு ஜோடி. குளச்சலிலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர் வருகிறது. ஊரில் எல்லாரும் மீனைக் குழம்பு வைக்கிறார்கள், நீ மீனுக்குத் தீனி வைக்கிறாய் என்று முதலில் நானும் அவனைக் கேலி செய்தேன். நாகர்கோவில் கடைக்காரர் ஒருவர், ஒரு தடவையாவது குஞ்சுக்குக் கோடு விழும்வரை வளர்த்துக் காட்டு, பிறகு நீ கொடுப்பதை எல்லாம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பிள்ளைக்கு வேறு நினைப்பில்லை. பெட்டை ஓட்டுத் துண்டில் முட்டையை ஒட்டிவைக்கும், ஆண்தான் பக்கத்தில் நின்று செட்டையால் விசிறிக் காவல் காக்கும். போன மாதம் முதல்முறையாகப் பொரித்தது. நூல் நுனி அளவுக்கு ஒவ்வொன்றும். குஞ்சைத் தனித் தொட்டியில் விட்டு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சியைப் பச்சைத் தண்ணீரில் வளர்த்துத் தீனி கொடுத்தான். ஊருக்கு வந்தபிறகு அவன் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது மக்கா.

அப்போதுதான் உன் அம்மா அவனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தாள். ஹால் நிறைய ஆட்கள். வந்தவர்களைக் கொசு கடிக்கக் கூடாது என்று, கரண்டில் சொருகுகிற கொசு மருந்தைக் குஞ்சுத் தொட்டியின் காற்று பம்புக்குப் பக்கத்திலேயே சொருகியிருக்கிறாள். அது யார் கண்ணிலும் படவில்லை. பம்பு அந்தக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. காலையில் பார்த்தால் ஒரு குஞ்சுகூட மிச்சமில்லை. ஜினோ குனிந்து பம்பைப் பார்த்தான், பக்கத்தில் அந்த மருந்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அம்மைக்கிட்ட சொல்லாண்டாம்ப்பா, அறிஞ்சா அவ சோறு தின்னமாட்டா என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவனும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

இப்போது மறுபடியும் முட்டை இருக்கிறது, நாளையோ மறுநாளோ பொரித்துவிடும் என்கிறான். உன் அம்மா சும்மா இருப்பாளா? அன்னைக்கு அவனுக்க வேலைக்கு மட்டுந்தான் ஜெபிச்சோம், மீனுக்கு ஜெபிக்க விட்டுட்டோம், அதாக்கும் இப்படி ஆச்சு என்று சொல்லி வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு கூட்டத்துக்கு எல்லாரையும் அழைத்துவிட்டாள். குஞ்சுத் தொட்டியை நடுவில் வைத்து எல்லாரும் அதன்மேல் கை வைத்து ஜெபிக்க வேண்டுமாம். அந்தக் கொசு மருந்தை நான் எடுத்து ஒளித்துவைத்தேன், கடைக்குப் போய் இரண்டாக வாங்கி வந்துவிட்டாள். மீனுக்கு அது ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் போன தடவை செத்தது எதனால் என்று அந்த நிமிடமே அவளுக்கு விளங்கிவிடும். நேற்று ஜினோவைத் தனியே அழைத்து, நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். குஞ்சு பின்னையும் பொரிக்கும்ப்பா, தான் வச்ச மருந்தாலதான் செத்துதுன்னு அறிஞ்சா அம்மை பின்ன எனக்காக ஜெபிக்க வாய் தொறக்கமாட்டா என்றான். இந்த வயதில் நான் என் வீட்டுக்குள்ளேயே ஒன்றும் செய்ய முடியாதவனாக நிற்கிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அந்த வெள்ளிக்கிழமை போயிருக்கும். அது தெரிந்துதான் எழுதுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டுமே. நீ நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. குழந்தைக்குக் காது மூடுகிற தொப்பி போடு. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் வராமல் நடத்தட்டும், தாத்தாவின் முத்தத்தைப் பிள்ளைக்குக் கொடு. மறக்காதே, போன் செய்யும்போது குஞ்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே. அம்மா கூப்பிடுகிறாள். வெள்ளிக்கிழமைக்கு நாற்காலி போதாதாம், சர்ச்சில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டுமாம். போகிறேன்.

உன் அப்பா,
முத்துநாயகம்.