மூலையில் நான் வைத்த கறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா, அண்ணன், அண்ணி, குட்டி எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, தெம்பாக இருக்க வேண்டும். இதெல்லாம் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன், என் மனசைப் பற்றி இல்லை. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று யோசிப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன், வாயெடுத்தால் ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டாயா என்றுதான் வருகிறது. நேற்று உன் அம்மா கரண்டியோடு வந்து நின்று, நீங்களே சொல்றீங்களா இல்ல நான் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டாள். இப்போதெல்லாம் அவள் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை, சாப்பாடு ஆயிடுச்சு என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்கிறாள். அவள் முழங்கால் வலி தேவலை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறாள். உன் அண்ணன் லீவு நாளில் நம் லாண்டரிக்கு வருகிறான், வந்தால் என் பழைய பாய்லரைத் திட்டுவதே அவனுக்கு வேலை. குட்டிக்குப் பல் முளைக்கிறது, எதைக் கண்டாலும் கடி, போன வாரம் ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டுப் பட்டனை விழுங்கப் பார்த்தது, வாயில் விரலை விட்டு எடுத்தோம். சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

விஷயம் நீ ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்டிவிட்டுப் போன துணியைப் பற்றியது. அது எப்பேர்ப்பட்டது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, நீ உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாய். அமெரிக்கக் கண்டங்களின் கலை வரலாறு என்று நீ கோர்ஸில் சேர்ந்தபோது எனக்கு அதன் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, யாராவது கேட்டால் மகள் ஹிஸ்டரி படிக்கிறாள் என்று முடித்துக்கொள்வேன். நீதான் சோளக்கடவுளை வரைந்த குவளையையும் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்த ஜனங்களையும் படம் காட்டிச் சொன்னாய். கடைசியில் பெரு நாட்டு மலைக்குப் போய், துணி நெய்கிற ஒரு பெண் கொடுத்தாள் என்று இதைக் கொண்டுவந்தாய். அவளையும் அவள் கூடப்பிறந்தவர்களையும் அவள் அம்மா முதுகில் கட்டிச் சுமந்த துணி, பாலும் புகையும் கிழங்கு மண்ணும் அதிலேயே ஊறிக் கிடந்தது. ஹாஸ்டல் அறையில் ஈரம் அடிக்கிறது என்று வெயில் படாத நம் சுவரில் மாட்டினாய். அப்பா, நீங்க வேற எதை வேணும்னாலும் துவைங்க, இதைத் தொடாதீங்க, மியூசியத்துல நான் பார்த்ததெல்லாம் சுத்தம் பண்ணிக் கண்ணாடிக்குள்ள வெச்சது, எப்படிப் பொழங்கினாங்கன்னே தெரியல, எனக்கு இந்தக் கறைதான் பாடம் என்றாய். அப்படியென்றால் நான் இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் பாடத்தை அழித்திருப்பேன் என்று கேட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கிளம்பும்போது மறுபடி சொன்னாய், நானும் தலையாட்டினேன்.

பிறகு ஒருநாள் ஹோட்டல் மேனேஜர் வீட்டுக்கு வந்தார், தன் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மொத்தமாக நம்மிடம் போடுகிறாரே அவர்தான். காபி குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்து, என்ன சார், ஊரு அழுக்கையெல்லாம் எடுக்கறீங்க, உங்க வீட்டுச் சுவத்துல அழுக்கை ஃப்ரேம் போடாம மாட்டி வெச்சிருக்கீங்களே என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. என் மகள் படிக்கிற படிப்பு அது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். துவைக்க எடுத்து வெச்ச பழசு சார், மாட்டினது மறந்து போச்சு என்றேன். துணியைத் துவைத்தது இரண்டாவது தப்பு, கண்ணு, முதல் தப்பு இந்த வாய் செய்தது. மறுநாள் கடைக்குப் போகும்போது கழற்றி எடுத்துப்போனேன். சோப்புத் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, சாயம் போகாமல், இழை நலுங்காமல் துவைத்தேன். அழுக்கு போகப் போக உள்ளே இருந்த சிவப்பு எழுந்து வந்தது பார், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். காய வைத்து மாட்டிய பிறகு உன் அம்மா பார்த்தாள். அடப்பாவி மனுஷா என்று தலையில் அடித்துக்கொண்டாள், அப்போதுதான் நீ சொன்னது எனக்கு உறைத்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் முட்டாள் அப்பன் என்ற பெயரோடு போயிருக்கும். நீ போன் பண்ணி, முன்பு எடுத்த படமெல்லாம் தொலைந்த போனோடு போய்விட்டது, கறைகளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், ஆய்வுக்கு வேண்டும் என்றாய். வெளிச்சம் போதவில்லை என்றேன், கேமரா மங்கல் என்றேன், நீயும் விடவில்லை. கறை எடுக்கத் தெரிந்தவனுக்குக் கறை வைக்கவா தெரியாது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு, பால் ஊற்றிய டீயைப் பஞ்சில் தொட்டு ஒரு மூலையில் வைத்தேன், விளிம்பு தெரியாமல் ஈரத்தால் கரைத்து, விளக்குக் கரியை விரலால் தேய்த்து, இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் படிய விட்டேன். மற்ற இடமெல்லாம் வெள்ளாவி வைத்த மாதிரி பளிச்சென்று இருந்ததால் அந்த மூலையை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். நீ உன் பேராசிரியைக்கு அனுப்பியிருக்கிற படம் அதுதான். படம் வந்ததும் போனில் நீ போட்ட சந்தோஷக் கூச்சலில் உன் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். பேராசிரியை பார்த்துவிட்டு இந்த மூலையையே ஆய்வின் முகப்பில் போடச் சொன்னார் என்றாய். வெட்கங்கெட்ட மனசு, என் கைவேலைக்குக் காலேஜில் பாராட்டு என்று ஒரு நிமிஷம் பூரித்துக்கூடப் போனது. அப்புறம்தான் யோசித்தேன். நாளைக்கு யாராவது துணியைச் சோதித்தால் பொய் சொன்னவள் என்று உன் தலையில்தான் விழும். யாரும் சோதிக்காவிட்டால் இன்னும் மோசம், என் டீக்கறை உன் படிப்புக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

துணியை இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன், இனி அது என் வீட்டில் இருப்பதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. உன் பேராசிரியையிடம் மழை, கரையான் என்று எதையும் சொல்லி என்னைக் காப்பாற்றாதே, என் அப்பா துவைத்தார், பிறகு ஏமாற்றினார் என்றே சொல், வேண்டுமானால் நானே போனில் பேசுகிறேன். அந்த மலைக்காரப் பெண்ணிடம் எப்படிச் சொல்வாய் என்றுதான் தெரியவில்லை, நம்பிக் கொடுத்தாளே. நீ ஆத்திரத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதே, கோபம் என் மேல், வயிறு உன்னுடையது. அடுத்த விடுமுறைக்கு வர மனசில்லை என்றாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், உன் அம்மாவுக்காக வா.

படம் கிடைத்த பிறகு அந்த மூலையைப் பற்றி நீ எழுதியதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினாய், ஞாபகம் இருக்கும். இந்த மூலையில் ஒரு தாய் தன் பிள்ளையின் வாயைத் திரும்பத் திரும்பத் துடைத்திருக்கிறாள் என்று படித்து நிறுத்தி, எப்படிப்பா இருக்கு என்று கேட்டாய். நான் பிரமாதம் என்றேன். அம்மாடி, அந்த மூலையில் எந்தத் தாயும் இல்லை, நான்தான் இருந்தேன். இருந்தவளை நான் துவைத்து ஊற்றிவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த படிப்பை முடித்து நாலு பேர் மெச்ச நிற்க வேண்டும், அதற்கு இந்தக் கையாலேயே ஆசீர்வாதம் செய்கிறேன், ஏற்றுக்கொள். திட்டுவதற்காகவாவது போன் பண்ணு. மாதக் கடைசியில் ஆய்வைக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் துவைத்த
உன் அப்பா