ஸ்டேப்ளர் எறிந்த வக்கீல்

திங்கள்
காலையிலிருந்து மழை. ஆபீஸ் வாசலில் தண்ணீர். பாஸ் சீக்கிரம் வரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டுப் பழக. புதன்கிழமை கோலாலம்பூரில் அவர் மேல் வக்கீல்கள் ஒழுங்கு விசாரணை.

இன்னும் நம்ப முடியவில்லை. "என் வீட்டு மனை லாட் கேஸ் எப்பதான் முடியும்?" என்று முனியாண்டி அண்ணன் கேட்டார். பாஸ் ஸ்டேப்ளரை எறிந்தார். சொந்தக் கட்சிக்காரர் நெற்றியில் தையல். போலீஸ் ரிப்போர்ட், கோர்ட், குற்றவாளி என்று தீர்ப்பு, அபராதம். இப்போது லைசென்ஸுக்கே ஆபத்து. அது போனால் கிளார்க்கான என் வேலையும் போச்சு. இந்த வயதில் செரண்டா டவுன் ஃபாக்டரியில் யார் எடுப்பார்கள்?

"மனப்பூர்வமா வருந்துறேன்." பாஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாஸ், சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"நான் சாந்தமாத்தான் சொல்றேன்!"

பக்கத்துக் கடை முடிவெட்டுபவர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

செவ்வாய்
வெயில். முனியாண்டி அண்ணனே வந்துவிட்டார். எஸ்டேட் லோரி ஓட்டியவர். நெற்றியில் தழும்பு. பாஸ் எழுந்து நின்றார்.

"லாயர், நாளைக்கு நானும் வரேன். உங்களுக்காகப் பேச."

"ரிப்போர்ட் குடுத்ததே நீங்கதானே அண்ணே?" என்றார் பாஸ்.

"அடிச்சதுக்குக் குடுத்தேன். அது வேற விஷயம் லா. உங்க லைசென்ஸ் போச்சுன்னா என் கேஸ யாரு பாக்கிறது? புது வக்கீலுக்கு முதல்லேருந்து கதை சொல்ல என்னால ஆகாது."

பாஸ் தன் கையாலேயே தேத்தண்ணி கலந்தார். சீனி போட மறந்தார். அண்ணன் குடித்தார்.

புதன்
மேகமூட்டம். வழியெல்லாம் ஜாம். குழுவில் மூன்று பேர், தலைவர் ஓர் அம்மா. அண்ணனிடம், இவர் திருந்திவிட்டாரா என்று கேள்வி.

"இப்பல்லாம் போன் அடிச்சா எடுக்கிறாரு."

தலைவர் அம்மா குனிந்து எழுதினார். தோள் குலுங்கியது.

அடுத்து நான். பாஸ் கோபக்காரரா என்று கேட்டார்கள். பொய் வரவில்லை. "ஆமா. ஆனா எஸ்டேட் ஆளுங்க கேஸ வேணாம்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

பின்னாலிருந்து பாஸ்: "சத்தமா சொல்லு செல்வி!"

குழுவில் மூவரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். "மன்னிச்சிரு," என்றார் என்னிடம். பழகியபோது வராத குரல்.

ஆடி வெள்ளி
புழுக்கம். முடிவு வந்தது. ஆறு மாதம் வக்கீல் வேலை கூடாது. லைசென்ஸ் தப்பியது! அழுதேன். அப்புறம்தான் உறைத்தது: அண்ணன் கேஸ் அதற்குள் வருகிறது. சபாக் டவுனில் இருக்கும் வக்கீல் மேரி எடுத்துக்கொள்கிறார். கோப்பைக் கொடுத்தபோது பாஸ் முகம், பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பா மாதிரி.

புரட்டாசி, திங்கள்
தூறல். தீர்ப்பு. வீட்டு லாட் அண்ணனுக்கே! பாஸ் கடைசி பெஞ்சில், வேடிக்கை பார்க்க வந்தவராக, வாயைப் பொத்திக்கொண்டு.

வெளியே வந்ததும் அண்ணன்: "இத்தன வருஷத்துல லாயர் வாயத் திறக்காத ஒரே நாளு. இன்னிக்குன்னு பாத்து ஜெயிச்சிட்டோம் லா."

 பாஸ் முகம் சிவந்தது. மீசை துடித்தது. அப்புறம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து, கோர்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணனும் பக்கத்தில். இரண்டு பேரும் எழுகிற மாதிரி இல்லை. கார் எடுக்க நான்தான் போனேன்.