அப்பாவைத் தூங்க வைத்தவர்கள்

ஸ்ரீரங்கம்
9.8.2024

அன்புள்ள தம்பி அருளுக்கு,

போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிக்கிறோம். அதனால் மெயிலில் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நிமோனியா குறைந்துவிட்டது. ஆனால் ஆள் அப்பாவாக இல்லை. பகலெல்லாம் தூக்கம். சாயங்காலமானால் சுவரெல்லாம் எறும்பு ஓடுகிறது என்கிறார். என்னை "மாரியாயி" என்று கூப்பிடுகிறார். அம்மா போய் எத்தனை வருடமாயிற்று! போன மாதம் கரண்ட் பில்லில் தப்பு கண்டுபிடித்து ஆபீஸுக்கே போய்ச் சண்டை போட்ட மனிதர். நேற்று பாத்ரூம் போக எழுந்து விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு தப்பியது.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "வயசாச்சும்மா, மறதி நோய் ஆரம்பம்" என்று அதற்கொரு மாத்திரை சேர்த்தார். அதில் வயிறு கெட்டது, வயிற்றுக்கு ஒன்று. ஏற்கெனவே அரிப்புக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. எழுத ஆளிருக்கிறது, நிறுத்தத்தான் ஆளில்லை. "எது எதுக்கு சார்?" என்று கேட்டால், "உங்க தம்பிகிட்ட விளக்கமா பேசிட்டேனேம்மா" என்கிறார். கட்டிலருகே நிற்பவள் நான்; அவர் விளக்குவது டொரன்டோவுக்கு. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள், ஒரு மாத்திரையின் பெயரைக் கேட்டு மயங்கி விழுந்துவிட மாட்டேன்.

உன்னிடம் என்னதான் சொன்னார், எழுது. கனிஷ்காவுக்குச் சளி விட்டதா?

அன்புடன்,
அக்கா மகாலட்சுமி


டொரன்டோ
10.8.2024

அன்புள்ள அக்கா,

கனிஷ்கா நலம், அத்தையைக் கேட்டாள்.

நீ எதையுமே நம்ப மாட்டாய். டாக்டர் எவ்வளவு அனுபவசாலி! அப்பாவுக்கு வயதாகிவிட்டதை ஏற்க உனக்குத்தான் மனமில்லை. நீ காலேஜ் போய்விட்டால் வீட்டில் யார் பார்ப்பது? மறதி உள்ளவர்களுக்கென்றே ஓர் இல்லம் இருக்கிறது, பேசிவிட்டேன். டிஸ்சார்ஜ் ஆனதும் நேரே அங்கே சேர்த்துவிடலாம். தயவுசெய்து டாக்டரோடு மோதாதே, அக்கா. அங்கே நமக்குக் கெட்ட பெயர் வேண்டாம்.

உன்
அருள்ராஜ்


ஸ்ரீரங்கம்
14.8.2024

அருள்,

மோதவில்லை. முதியோர் மருத்துவம் படித்த டாக்டர் ரோசரியை அதே ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தேன். கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "தூக்கத்துக்கும் அரிப்புக்கும் குடுத்திருக்கிற ரெண்டுமே இந்த வயசுக்கு ஆகாதுங்க. குழப்பம் வரும், கீழ விழுவாங்க. இதை வெச்சு மறதி நோய்னு எப்படிச் சொல்றது?" என்றார். "தூக்க மாத்திரை நீங்க கேட்டீங்களா?" என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

பெரிய டாக்டரிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க தம்பிதாம்மா. அப்பா ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து போன் பண்றாரு, ஆபீஸ்ல மீட்டிங்ல உக்கார முடியல, நல்லா தூங்கற மாதிரி எதாச்சும் குடுங்கன்னாரு."

அப்பாவின் ராத்திரி உனக்கு ஆபீஸ் நேரம். புரிகிறது. போனை சைலன்ட்டில் போட்டிருக்கலாமே, தம்பி? அவரையா போடுவது?

இல்லத்துக்கு அனுப்பச் சம்மதமில்லை. பதில் எழுது.

மகாலட்சுமி


ஸ்ரீரங்கம்
2.9.2024

அருள்,

உன் பதில் வரவில்லை. செய்தி மட்டும் எழுதுகிறேன்.

டாக்டர் ரோசரி ஒவ்வொன்றாகக் குறைத்து நிறுத்தினார். நாலைந்து நாளில் எறும்புகள் போயின. ஒரு காலையில் காபியை வாயில் வைத்துவிட்டு, "மகா, இதுல டிகாக்ஷனே இல்ல, யாரு போட்டா?" என்றார். என் பெயரைச் சொல்லித்தான் திட்டினார். வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது வீட்டில் இருக்கிறார். தடியூன்றி நடக்கிறார். நான் காலேஜ் போனால் எதிர் வீட்டு ஆசீரோடு செஸ் ஆடி, தோற்றால் அவனைக் குறை சொல்கிறார். ஆஸ்பத்திரியில் உன் எண்ணை நீக்கச் சொல்லிவிட்டேன். இனி என்னிடம்தான் பேசுவார்கள்.

நேற்று கேட்டார். "எனக்கு அங்க என்னம்மா ஆச்சு? ஒண்ணும் ஞாபகமில்ல."

"ஒரு மாத்திரை ஒத்துக்கலப்பா."

"யாரு குடுக்கச் சொன்னா?"

"டாக்டர்தாம்பா" என்றேன்.

உன்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னதாக நினைக்காதே. "அருளுக்கு வேலை ஜாஸ்தி போல, பாவம்" என்று அடிக்கடி சொல்கிறார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவார். எடு. என்னிடம் பேச வேண்டியதில்லை.

மகாலட்சுமி